படிக்கச் சொன்ன கடைக்காரருக்கு தில்லி என்ன செய்தது?

பெங்களூரு: நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஒரு மசோதாவின் மீது பேச வேண்டியிருக்கிறது; அந்தப் பொருளைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அவர் கவலைப்பட வேண்டியதில்லை. நாடாளுமன்ற நூலகத்தில் அதற்கென்றே ஆய்வு, தகவல் பிரிவு ஒன்று இயங்குகிறது. கேட்டால் குறிப்புகள் தயாரித்துக் கொடுப்பார்கள். எந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்றும் எடுத்துத் தருவார்கள். 2002-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்த நூலகத்துக்குத் தனிக் கட்டடமே இருக்கிறது. அந்த வசதியை எத்தனை உறுப்பினர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய வாக்காளருக்கு இதே தேவை ஏற்பட்டால் யாரிடம் போவார்? காஷ்மீர் பிரச்சினை பற்றி ஒரு நல்ல புத்தகம் வேண்டும், காவிரி வழக்கின் வரலாறு வேண்டும், நெருக்கடி நிலைக் காலத்தைப் பற்றி நடுநிலையான நூல் வேண்டும் என்று அவர் யாரிடம் கேட்பார்? ஊரில் நல்ல நூலகர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் புத்தகக் கடைக்காரர்தான்.

பெங்களூருவில் அப்படி ஒருவர் 38 ஆண்டுகள் இருந்தார். சர்ச் தெருவும் மியூசியம் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு அருகே ‘பிரீமியர் புக் ஷாப்’ என்ற ஒற்றை அறைக் கடையை 1971-இல் தொடங்கிய டி.எஸ். ஷான்பாக்தான் அவர். 2009-இல் கடை மூடப்பட்டது. 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலை நகரை உலுக்கிக்கொண்டிருந்தபோது, எண்பது வயதைக் கடந்திருந்த அவரும் காலமானார். ஒரு சிறு கடையின் முதலாளிக்கு ஆங்கில நாளேடுகளும் கன்னட நாளேடுகளும் அஞ்சலிக் கட்டுரைகள் வெளியிட்டன. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா அந்தக் கடையைப் பற்றியும் அதன் உரிமையாளரைப் பற்றியும் பலமுறை எழுதியிருக்கிறார்.

கடைக்குப் போனவர்கள் முதலில் சொல்வது அதன் நெரிசலைத்தான். அலமாரிகள் நிரம்பி, தரையிலிருந்து புத்தகங்கள் கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கும். நடுவில் ஒரு புத்தகத் தீவு. அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதை. எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் பின்வாங்க வேண்டும். அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினால் மேலே உள்ளவை சரியும். புதிதாக வருபவருக்கு எதுவும் புரியாது. வாசலருகே உட்கார்ந்திருக்கும் ஷான்பாகுக்கு எது எந்த அடுக்கில் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியும். கணினி இல்லாமலே தெரியும்.

அவர் அதிகம் பேசாதவர். பரிந்துரை என்றதும் கடைக்காரர் புத்தகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று நினைத்துவிடக்கூடாது. இந்த வாடிக்கையாளர் போன மாதம் எதை வாங்கினார், எதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார், அவருக்குப் பிடித்த துறையில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று நினைவில் வைத்திருந்து, உரியவர் வரும்போது அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுவதுதான் அவரது பாணி. வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாணவருக்கும் பேராசிரியருக்கும் ஒரே மரியாதை. கேட்காமலே தள்ளுபடியும் உண்டு.

கடற்கரைக் கர்நாடகத்தின் குந்தாபுரம் பகுதியைச் சேர்ந்த அவருக்கு இந்தத் தொழில் குடும்பத்திலிருந்தே வந்தது. மும்பையின் புகழ்பெற்ற ‘ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால்’ நிறுவனர் டி.என். ஷான்பாக் அவரது உறவினர். 1948-இல் ஸ்ட்ராண்ட் திரையரங்கில் சிறு விற்பனை இடமாகத் தொடங்கியது அந்தக் கடை. அதன் நிறுவனருக்கு 2003-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புத்தக விற்பனையாளர் ஒருவரை மத்திய அரசு கௌரவிப்பது அபூர்வம். 2009-இல் அவர் மறைந்தார். 2018 பிப்ரவரியில் ஸ்ட்ராண்டும் மூடப்பட்டது. விருது கொடுத்த அரசு அந்தத் தொழிலுக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வி அங்கேயே தொடங்குகிறது.

பிரீமியர் போன பிறகு பெங்களூருவில் புத்தகக் கடைகளே இல்லாமல் போய்விடவில்லை. சர்ச் தெரு இன்று முன்பைவிடப் பெரிய புத்தகத் தெரு. பொறியியல் மாணவராக இருந்தபோதே நடைபாதையில் பழைய புத்தகங்கள் விற்ற மாயி கௌடா, 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ‘பிளாசம்’ பல தளங்களுக்கு வளர்ந்தது. அதே தெருவில் ‘புக்வோர்ம்’ போன்ற கடைகளும் நிலைபெற்றன. பிரிகேட் சாலையின் ஒரு சந்தில் உள்ள ‘செலக்ட்’ கடை 1945-இல் கே.பி.கே. ராவ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது, சர் சி.வி. ராமன் வந்து போன கடை. கன்னடப் புத்தகங்களுக்கு காந்தி பஜாரும் காந்தி நகரும் ஜெயநகரும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்க்கு மென்பொருள் விற்கும் நகரம் பழைய புத்தகங்களையும் விடாமல் வாங்குகிறது.

ஆனால் இந்த நகரத்தை வைத்து நாட்டை எடை போட முடியாது. சர்ச் தெருவுக்கு வரும் கூட்டமும் அதன் கையில் உள்ள பணமும் சிக்பள்ளாப்பூரிலோ திருப்பத்தூரிலோ கிடையாது. அங்கே பள்ளிப் பாடநூல், நோட்டுப் புத்தகம், பேனா விற்றுக்கொண்டு ஒரு மூலையில் நாவல்களையும் வரலாற்று நூல்களையும் வைத்திருக்கும் கடைக்காரர்தான் ஷான்பாகின் வேலையைச் செய்கிறார். நெருக்கடி அவருக்குத்தான்.

அந்த நெருக்கடியின் ஒரு முனை பெங்களூருவிலேயே முளைத்தது என்பது விந்தை. 2007-இல் கோரமங்களாவில் இரண்டு இளைஞர்கள் இணையம் வழியே பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் விற்றது புத்தகம். அதுதான் ஃபிளிப்கார்ட். 2013-இல் அமேசானும் இந்தியாவில் கடை விரித்தது. 2018-இல் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பான்மைப் பங்குகளை அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. பிரீமியர் மூடப்பட்டதற்கு இணைய வணிகத்தைக் காரணம் சொல்வது பொருந்தாது. 2009-இல் அந்த வணிகம் குழந்தைப் பருவத்தில்தான் இருந்தது. அதன் பிறகு கடை நடத்த முயன்றவர்களின் நிலைமை வேறு. வாசகர் கடைக்கு வருகிறார். என்ன படிக்கலாம் என்று கேட்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நூலைப் புரட்டுகிறார். அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய், இணையத்தில் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறார். பரிந்துரைத்த உழைப்பு ஒருவருடையது, விற்பனை இன்னொருவருக்கு.

கணக்கு எளிது. பதிப்பாளர் கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு பொதுவாக 30 முதல் 40 சதவீதம். வாடகை, ஊழியர் சம்பளம், மின்சாரம், விற்காமல் தங்கும் சரக்கு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக நட்டத்தை முதலீடாகவே கருதி 30 சதவீதத் தள்ளுபடி தரும் நிறுவனத்தோடு அவர் போட்டியிட முடியாது.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. ஷான்பாகும் தள்ளுபடி கொடுத்தவர்தான். ஸ்ட்ராண்ட் வளர்ந்ததே 20 சதவீதத் தள்ளுபடியால். சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி இல்லாவிட்டால் நம் வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தத் தள்ளுபடி கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கிள்ளிக் கொடுத்தது. அதைத் தாங்க முடிந்த அளவுக்குத்தான் கொடுத்தார். வெளிநாட்டு மூலதனம் தாங்கும் தள்ளுபடிக்கு அப்படியொரு எல்லை கிடையாது.

பிரான்ஸ் இதற்குச் சட்டம் செய்தது. 1981-இல் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் கொண்டுவந்த சட்டப்படி புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர் நிர்ணயிப்பார். எந்தக் கடையும் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. இணைய நிறுவனங்கள் இலவச அஞ்சல் என்ற வழியில் இதைச் சுற்றி வந்தபோது, 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ அனுப்பும் கட்டணம் வாங்க வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது. ஜெர்மனியிலும் நிலையான விலைதான். பிரிட்டனில் 1900 முதல் இருந்த விலை ஒப்பந்தம் 1990-களில் முறிந்தது. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அங்கே நூற்றுக்கணக்கான தனிக் கடைகள் மூடப்பட்டன.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வேண்டுமா? வாசகர்களின் வாங்கும் சக்தி குறைவாக இருக்கும் நாட்டில் விலையைக் குறைக்கக்கூடாது என்று சொல்வது அரசியல் ரீதியாக எளிதல்ல. திருச்சி மாணவிக்கு 100 ரூபாய் மிச்சமாவதும் முக்கியம்தான். விவாதமாவது நடக்க வேண்டும் என்பதுதான் நம் குறை. இணைய வர்த்தக மேடைகள் விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக்கூடாது என்ற அன்னிய முதலீட்டு விதி 2016 மார்ச்சில் வந்தது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் போட்டி விரோதப் போக்கு பற்றி ஜெயந்த் சின்கா தலைமையிலான நிதித்துறை நிலைக்குழு 2022 டிசம்பரில் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு வெளியானது. மூன்றுமே பெருநிறுவனங்களின் நடத்தையைப் பற்றியவை. புத்தகம் சோப்பைப் போன்ற சரக்கா, வேறு வகையானதா என்ற கேள்வியை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

வரி விஷயத்துக்கு வருவோம். ‘அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது’ என்று ஆட்சியாளர்கள் பெருமையோடு சொல்வார்கள். 2017 ஜூலை முதல் அது உண்மைதான். விலக்கு பெற்ற பொருளைத் தயாரிப்பவரும் விற்பவரும் தாங்கள் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. சலவைச் சோப்பு விற்பவர் கடை வாடகைக்குக் கட்டும் 18 சதவீத வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். புத்தகம் மட்டும் விற்பவர், கட்டட உரிமையாளர் அந்த வரியை வசூலித்தால், முழுவதையும் தானே சுமக்க வேண்டும். பதிப்பாளர் காகிதத்துக்குக் கட்டும் வரிக்கும் இதே கதி. 2025 செப்டம்பரில் வரி அடுக்குகள் திருத்தப்பட்டபோது நோட்டுப் புத்தகக் காகிதத்துக்கு வரி நீங்கியது. புத்தகம் அச்சிடும் காகிதத்துக்கான வரி 12-லிருந்து 18 சதவீதமானது. எழுதுகிற காகிதத்துக்குச் சலுகை, படிக்கிற காகிதத்துக்குச் சுமை. இந்த முடிவுக்கு தில்லியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநில அரசுகளுக்கும் இடம் இருக்கிறது, தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும்தான்.

இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீத சுங்க வரி 2019 ஜூலை பட்ஜெட்டில் வந்தது. உள்நாட்டுப் பதிப்புத் தொழிலையும் அச்சுத் தொழிலையும் ஊக்குவிப்பதற்காக என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் காரணம் சொன்னார். அவர் மாநிலங்களவைக்குத் தேர்வானது கர்நாடகத்திலிருந்து. லண்டனில் அச்சான ஓர் ஆய்வு நூலுக்குப் பதிலாக வாசகர் உள்நாட்டு ஆய்வு நூலை வாங்கிக்கொள்வார் என்ற கணக்கு துணிக்கும் பொம்மைக்கும் சரிப்படலாம். ஒரு புத்தகத்துக்கு இன்னொரு புத்தகம் ஈடாகாது என்பது ஷான்பாகின் கடையில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம்விடச் சிற்றூர்க் கடைகளையும் சிறு பதிப்பகங்களையும் அதிகம் பாதித்தது அஞ்சல் துறையின் முடிவு. அதைச் சொல்வதற்கு முன் பெங்களூருவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் கிழக்கே, கோலார் தங்கவயலுக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ ஆனது. தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் அதன் முக்கியமான வாசகர்கள். இதழ் அவர்களை அடைந்தது தபாலில். 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1920-களில் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலிலேயே மறுவாழ்வு கொடுத்தார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்த தொழிலாளிக்கு எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு புத்தகசாலை இருந்தது. பௌத்தமும் பகுத்தறிவும் சாதி எதிர்ப்பும் தமிழகத்தின் பெரிய மேடைகளுக்கு வருமுன்பே கன்னட நாட்டின் ஒரு சுரங்க ஊரில் வாசிப்பாக வேரூன்றியது இப்படித்தான். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்து அந்த எழுத்துகளை மீண்டும் பொதுவாசகரிடம் கொண்டுவந்தது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. ஊர் இருக்கிறது, தமிழ் வாசகர்களும் இருக்கிறார்கள்.

அவர்களைப் போன்றவர்களுக்கும், ஏன், பெங்களூரு தமிழர்களுக்குமே தமிழ்ப் புத்தகம் எளிதில் கிடைப்பதில்லை. அல்சூரில் 1950 முதல் இயங்கும் பெங்களூரு தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் அதே அல்சூரில் திறக்கப்பட்டபோது இரு மாநில முதல்வர்களும் மேடையில் இருந்தார்கள். வள்ளுவருக்குச் சிலை கிடைத்த அந்த வட்டாரத்தில், தமிழ் நூல்களுக்கென்று ஒரு புத்தகத் திருவிழா நடக்க 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மற்ற மாதங்களில் தமிழ் வாசகர் நம்புவது சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வரும் பார்சலை.

அந்தப் பார்சலைக் குறைந்த செலவில் கொண்டுவந்தது பதிவுப் புத்தக அஞ்சல். 2024 டிசம்பர் 18 அன்று அஞ்சல் துறை அதை நிறுத்தியது. பதிப்பாளர்களிடம் முன்கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை. அப்போது குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. அம்பேத்கர் பற்றிய உள்துறை அமைச்சரின் பேச்சால் இரு அவைகளும் கொந்தளித்துக்கொண்டிருந்த வாரம் அது. ஏராளமாகப் படித்தவரும் ஏராளமாகப் புத்தகம் வாங்கியவருமான அம்பேத்கரின் பெயரால் அவைகள் முடங்கிய நாள்களில் புத்தக அஞ்சல் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் கடைக்காரர் வேலையை எமது நிருபரும் கொஞ்சம் செய்யலாம். சர்ச் தெருவும் அல்சூரும் இந்த நகரமும் எப்படி உருவாயின என்று அறிய விரும்புவோர் ஜானகி நாயர் 2005-இல் ஆங்கிலத்தில் எழுதிய பெங்களூருவின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைத் தேடிப் பிடிக்கலாம். ராமச்சந்திர குஹாவின் ‘இந்தியா ஆஃப்டர் காந்தி’ ஆர்.பி. சாரதியின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. நாடாளுமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நூல். அயோத்திதாசரை மேலே சொல்லியாகிவிட்டது. மூன்றையும் உள்ளூர்க் கடையில் கேட்டு, இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லிப் பாருங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஒன்று செய்யலாம். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு அவர்கள் பணிகளைப் பரிந்துரைக்கலாம். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கவும் அதில் இடமுண்டு. நிழற்குடைகளிலும் உயர்கோபுர மின்விளக்குகளிலும் உறுப்பினரின் பெயரைப் பெரிதாக எழுத முடியும். புத்தகத்தின் உள்பக்கத்தில் சிறிய முத்திரைதான் குத்தலாம்.

புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டதற்கு எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2025 மே 1 அன்று ‘கியான் போஸ்ட்’ என்ற புதிய சேவை வந்தது. தகவல் தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா அறிவித்த அந்தத் திட்டத்தில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாக மட்டுமே போகும். கல்விப் புத்தகங்களும் சமூக, பண்பாட்டு, சமய நூல்களும் அனுப்பலாம். விளம்பரம் உள்ளவை, வணிக நோக்குள்ளவை கூடாது. ஒரு நாவலோ கவிதைத் தொகுப்போ இதில் எந்த வகையில் சேரும் என்று சிற்றூர் அஞ்சலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால், அவர் எந்த விதியைப் புரட்டிப் பதில் சொல்வார்? அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் இதை எழுப்ப ஒரு உறுப்பினர் முன்வந்தால் போதும்.